மின்விசிறிக் காற்றில் கடல் தாண்டிய செடி

அந்தக் கட்டடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் செடிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூடத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எல்லாம் காய்ந்து தட்டையாகி, தடித்த வெள்ளைத் தாள்களில் ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரிகளுக்குள் அந்துருண்டை வாசனையோடு படுத்திருக்கின்றன. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. இந்தச் செடி எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையால் பறிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். பறித்த இடத்தில் பிறகு வீடு வந்திருக்கலாம், ரோடு வந்திருக்கலாம். அந்தச் செடி அங்கே வாழ்ந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தச் சீட்டு ஒன்றுதான்.

செடியையும் சீட்டையும் தாளில் ஒட்டுவது ஒரு பெண்ணின் வேலை. இருபத்தைந்து வருடமாக அவளே ஒட்டுவதால் பசையம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன் தலையைச் சொறிவார்.

கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூச்சி தின்னாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, ஆறவிட்டு, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஒட்டுவாள். தண்டு தடிமனாக இருந்தால் ஊசி நூலால் நாலு தையல். இலைகளில் ஒன்றை மட்டும் புரட்டி, முதுகு தெரிய வைப்பாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு இலையின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டுமே. பிறகு மேலே துணி, துணிக்கு மேலே மணல் பை. மறுநாள் எடுத்தால் செடி தாளிலேயே முளைத்தது போல இருக்கும்.

அவள் புருஷன் அதே ஆபீசில் ஜீப் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தையாக ஒரு மகன். பத்தாவது படித்திருந்தாள் என்பதால் ஆபீசில் இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள். கொழுந்தன் வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தாள். ஓரகத்திக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மகனை வளர்த்ததில் பாதி அவள்தான். ஆனால் பசையம்மாவின் வேலையை மட்டும் அவளால் கடைசிவரை மதிக்க முடியவில்லை.

"செத்த செடிக்கு இவ்வளவு சிங்காரமாக்கா? உயிரோட இருக்கற செம்பருத்தி வாசல்ல வாடுது, அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த ஆளைக் காணோம்" என்பாள்.

இந்தச் செடிகளுக்கெல்லாம் பொறுப்பான காப்பாளருக்கு ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர். லென்ஸைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அவள் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்னது இது: "செடி கெட்டுப்போனா இன்னொண்ணு பறிச்சுக்கலாம். சீட்டு மாறிப்போச்சுன்னா அது செடியே இல்ல, வெறும் சருகு. ஞாபகம் வச்சுக்கங்க." ஞாபகம் வைத்துக்கொண்டாள். அடுத்த சில மாதங்களில், மூன்று சீட்டுகளைத் தொலைத்த ஒருவனை அவர் கிடங்கில் மூட்டை தூக்க அனுப்பினார். அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

செடி பறித்து வருகிறவர்களில் பேர் போனவர் மலையண்ணன். படிப்பு அதிகமில்லை, கால்தான் அவருடைய சர்வகலாசாலை. வருடத்தில் எட்டு மாதம் காட்டிலும் மேட்டிலும் கிடப்பார். திரும்பி வரும்போது தாடியும் மூட்டையுமாக வந்து, பசையம்மாவின் மேஜைக்கு எதிரே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, எதை எங்கே பறித்தார் என்று கதை சொல்வார். அவளைத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். சில நாள் பள்ளிக்கூடப் பையோடு அவருடைய பெண்ணும் வந்து உட்காரும். மிச்சப் பசையை வாங்கிக் கையில் கிடைத்த இலையை எல்லாம் ஒட்டும். அதன் பெயர் பாப்பா.

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம் அது நடந்தது. மலையண்ணன் இரண்டு மாதப் பயணம் போயிருந்தார். முதலில் கடலுக்குள் அரை நாள் படகில் போகிற ஒரு பாறைத் தீவு, அப்புறம் இரண்டு நாள் ரயிலும் பஸ்ஸுமாகப் போகிற ஒரு மலை. மலையை விட்டு இறங்கும்போது காட்டாறு ஒன்றில் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். குறிப்பெழுதும் நோட்டுப் புத்தகம் தண்ணீரோடு போய்விட்டது. செடிகளும், செடியோடு செடியாகப் பேப்பருக்குள் மடித்து வைத்த சீட்டுகளும் நனைந்து வந்தன.

ஈரச் சீட்டை அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். பசையம்மா ஒரு கட்டைப் பிரித்து, பதினொரு சீட்டுகளையும் எடுத்து, பதினொரு செடிகள் இருந்த வரிசையிலேயே மேஜையில் பரப்பிக் காயவைத்தாள். மகனுக்கு அன்று காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அவசரத்தில் சீலிங் ஃபேனை வேகமாக வைத்துவிட்டாள். சீட்டு காயக் காய எடை குறையும் என்பது தோன்றவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பதினொன்றும் தரையில் கிடந்தன.

ஒன்பதை இடம் சேர்த்துவிட்டாள். மஞ்சள் பூ, கொடி, முள் என்று சீட்டிலேயே அடையாளம் எழுதியிருந்தது. மிஞ்சியது இரண்டு. இரண்டிலும் 'சிறு செடி, நீலப் பூ' என்று ஒரே எழுத்து. ஒன்று தீவு, மற்றது மலை. எதிரே இரண்டு சிறு செடிகள், இரண்டிலும் நீலப் பூ. வெகுநேரம் பார்த்தாள். அண்ணனைக் கேட்டிருக்கலாம். அவர் நாலு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனால் கேட்டால் பூதக்கண்ணாடியின் காதுக்குப் போகும், கிடங்கு காத்திருக்கிறது, மகன் காய்ச்சலில் கிடக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாள் என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்துகொண்டேதான் ஒட்டினாள்.

செடியும் விலங்கும் இடம் மாறிப் போகிற கதை சின்னதல்ல. பறவையின் கால் சேற்றில் ஒட்டிக்கொண்டு விதை போகும். மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணியோடு இறங்கும். தேங்காய் தானாகவே மிதந்து போய்க் கரையேறும். சிலந்திக் குஞ்சு நூலை விட்டு அந்த நூலிலேயே பறக்கும். வெள்ளத்தில் வேரோடு போகிற மரத்தில் பல்லி ஒன்று உட்கார்ந்து, தனக்குத் தெரியாமலே ஒரு தீவுக்குக் குடியேறிவிடும். கப்பலில் எலி போகும், எலிக்காகப் பூனை போகும். இதையெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் பேசிக் கேட்டுக் கேட்டுப் பசையம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் அந்த நீலப் பூச்செடி மலையிலிருந்து தீவுக்குப் போனது ஒரு சீலிங் ஃபேன் காற்றில். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்குமே பாதிதான் தெரியும். சரியாகவே ஒட்டியிருக்கலாம் அல்லவா? பாதிக்குப் பாதி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருபத்து நாலு வருடம் தூங்கினாள்.

மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் அலமாரியைக் குடைந்தபோது, தீவு என்று சீட்டு ஒட்டிய தாள் கையில் சிக்கியது. அந்தச் செடி அந்த ஒரு மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. அது எப்படிக் கடல் நடுவே வந்தது? அந்தக் காலத்தில் தீவும் மலையும் ஒரே நிலமாக இருந்தன என்றார் ஒருவர். பறவை கொண்டுபோனது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: பறித்தவன் பொய் சொல்கிறான், பேர் வாங்குவதற்காகச் சீட்டை மாற்றி எழுதிவிட்டான். மூன்றில் அதுதான் ஊரெல்லாம் பரவியது. அந்த மாதிரிப் பேச்சுக்கு மட்டும் கால் முளைத்துவிடுகிறது.

மலையண்ணன் அவளிடம் வந்தார். அதே முக்காலி.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அந்தத் தடவை மூட்டை நனைஞ்சு வந்துச்சே, சீட்டெல்லாம் அதது இடத்துலதான் இருந்துச்சா?"

பசையம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஏண்ணே?"

"எனக்கு என்னவோ அந்த நீலப் பூவை மலையில பறிச்ச மாதிரியே இருக்கு. ஓடைக்குள்ள இறங்கி, முழங்கால் நனைஞ்சு, குனிஞ்சு பறிச்சேன். ஆனா சீட்டுல நானே தீவுன்னு எழுதியிருக்கேன். என் கையெழுத்துதான்."

அந்த மாதம்தான் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்திருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தவர் கிடங்குக்கு அனுப்புகிறவர் அல்ல, அண்ணன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இருந்தது இருந்தபடியேதாண்ணே ஒட்டினேன்."

"அப்பச் சரி. எனக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சு" என்றார் அவர். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று மறுநாள் ஒரு பை கொய்யாப்பழம் வேறு வாங்கி வந்து வைத்தார். பசையம்மாவால் அதில் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. மகன் தின்று தீர்த்தான்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது முறை அந்தத் தீவுக்குப் போனார். புல்லும் பாறையும் கடல் பறவை எச்சமும், எங்கும் முளைக்கிற நாலைந்து சாதாரணச் செடிகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை அவர் வெறுங்கையோடு திரும்பியபோதும் பசையம்மாவின் பாதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். எங்கேயுமே போவதில்லை, வீட்டோடு இருக்கிறார், உடம்பு சரியில்லை என்றார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். பசையம்மா வாசல்வரை போய்விட்டு, கூட்டத்தோடு நின்று, உள்ளே போகாமலே திரும்பிவிட்டாள்.

அவர் போன அடுத்த வருடம் பாப்பா அந்த ஆபீசுக்கே வந்தாள், ஆராய்ச்சிக்காரியாக. அப்பா பொய்யன் இல்லை என்று காட்டுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேறு தலைப்பு வைத்திருந்தாள், ஆனால் உள்ளே இருந்தது அதுதான். விதை பறவையின் காலில் போயிருக்கும் என்பது அவள் கட்சி. பறவைகளைப் பிடித்து, காலைக் கழுவி, கழுவிய சேற்றைத் தொட்டியில் போட்டு, என்ன முளைக்கிறது என்று ஆறு வருடம் பார்த்தாள். தொட்டிகள் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன. கோரை முளைத்தது, புல் முளைத்தது. நீலப் பூ மட்டும் முளைக்கவில்லை.

"பறவைக்குக் கால் கழுவி விடற வேலைக்கும் சம்பளம் தராங்களா?" என்று ஓரகத்தி கேட்டாள். பசையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் மழைக்கு முந்தைய வாரம், பாப்பா ஒரு காகிதத்தோடு ஒட்டும் அறைக்குள் வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"அத்தை, அனுமதி கிடைச்சிடுச்சு. தீவுலயே ரெண்டு வருஷம் தங்கப் போறேன். மழைக்காலத்துல அங்க யாரும் போய்த் தேடினதே இல்ல, படகு போகாதுல்ல. அப்பத்தான் அது பூக்குதோ என்னவோ. திங்கக்கிழமை கிளம்பறேன்."

"தனியாவா பாப்பா?"

"நான், ஒரு கூடாரம், ஒரு ரேடியோ. அம்மாதான் அழறாங்க. அப்பா ஒன்பது தடவை போனாரே, நான் ஒரு தடவை ஒழுங்கா இருந்து பாத்துட்டு வரேன்."

அவள் போன பிறகு பசையம்மா வெகுநேரம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசை காய்ந்து ஆடை கட்டிவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் எழுந்து, அலமாரியைத் திறந்து, அந்த இரண்டு தாள்களையும் எடுத்து வந்தாள்.

செடியை வேரோடு ஒட்டும்போது வேரிடுக்கில் கொஞ்சம் மண் இருக்கத்தான் செய்யும். வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்து வேரைத் தடவினால் பசை இளகும், மண் உதிரும், பார்த்துவிடலாம். கால் மணி நேர வேலை. இருபத்து நாலு வருடமாக அவள் அதைச் செய்யவில்லை. தெரியாமல் அல்ல, தெரிந்துவிடும் என்பதால்.

தீவு என்று சீட்டு சொன்ன செடியின் வேரிலிருந்து கறுப்பாக, மெத்தென்று, மக்கிய இலை மண் உதிர்ந்தது. மலை என்று சீட்டு சொன்ன செடியின் வேரிலிருந்து வெள்ளை மணல் கொட்டியது. அதில் கடுகளவில் ஒரு சிப்பித் துண்டு. பசையம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாப்பா ஆபீஸ் மாடியில் தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பசையம்மா இரண்டு தாள்களையும், இரண்டு காகிதப் பொட்டலங்களில் மண்ணையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். ஃபேன் காற்றில் சீட்டு பறந்ததிலிருந்து ஆரம்பித்து, கண்ணைத் திறந்துகொண்டு ஒட்டியதுவரை ஒரே மூச்சில் சொன்னாள். பாப்பா முதலில் மண்ணைப் பார்த்தாள். லென்ஸ் வைத்து மறுபடி பார்த்தாள். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப... அப்பா பொய் சொல்லலை."

"இல்லம்மா."

"சீட்டு மாறிடுச்சு. அவ்வளவுதானா? அவ்வளவுதானா அத்தை!" என்று எழுந்து வந்து பசையம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆறு வருட உழைப்பு கண்ணெதிரே வீணாகியிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஃபேன் காத்துல பறந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சின்ன வயசு, புது வேலை, வீட்ல புள்ளைக்குக் காய்ச்சல். இப்பவாவது சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "ஆனா அப்பாவுக்கு இந்தச் சந்தேகமே வரலையே, பாருங்களேன். வந்திருந்தா நேரா உங்ககிட்ட வந்து கேட்டிருப்பாரு."

கேள்விகூட இல்லை அது. பசையம்மா பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அழுது முடித்த முகத்தோடு இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்திருக்கலாம். மலையண்ணனும் இல்லை, பூதக்கண்ணாடியும் எப்போதோ ரிட்டையர் ஆகிப் போய்விட்டார். அந்த முக்காலியில் பேசியதைக் கேட்டவர் யாருமில்லை.

"வந்தாரும்மா" என்றாள் பசையம்மா. "வந்து கேட்டாரு. மலையில பறிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னாரு. இருந்தபடியேதான் ஒட்டினேன்னு நான் சொல்லிட்டேன்."

பாப்பா கையை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போய்த் தொட்டிகளுக்கு முன்னால் நின்றாள். அவள் பேச ஆரம்பித்தபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பசையம்மா தாங்கியிருப்பாள்.

"கடைசி அஞ்சு வருஷம் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தோம். உங்களுக்குத் தெரியுமா? ஞாபக மறதிக்கு. அவரேதான் டாக்டர்கிட்டப் போனாரு. போன இடத்தை மறந்துடறேன், போகாத ஓடையில இறங்கின மாதிரி இருக்குன்னு சொன்னாரு. சாப்பிட்டேனான்னு அம்மாவைக் கேப்பாரு. கதவைப் பூட்டினேனான்னு பத்துத் தடவை எந்திரிச்சுப் போவாரு. பூட்டித்தான் இருக்கும். மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தூக்கம். அதுலதான் நடக்கறதே நின்னுபோச்சு."

பசையம்மா ஜன்னலருகே போய் அவள் பின்னால் நின்றாள்.

"அடிச்சாலும் வாங்கிக்கறேன் பாப்பா."

"அடிச்சு என்ன பண்ண? மன்னிச்சுட்டேன்னு சொல்லவும் எனக்கு வரலை." பாப்பா திரும்பினாள். "தீவுக்கு நான் போகலை, அதை நான் பாத்துக்கறேன். தாளையும் நான் திருத்திக்கறேன். ஆனா அந்த மாத்திரையைத் தினமும் கையில எடுத்துக் கொடுத்தது அம்மா. வேண்டாம்னு முகத்தைத் திருப்பினாலும் கெஞ்சிக் கொடுப்பாங்க. அவங்ககிட்ட இதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க."

பசையம்மா கீழே போய்க் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மண் மட்டும் போகவில்லை. இருவரும் மலையண்ணன் வீட்டுக்கு நாலு தெருவும் நடந்தார்கள்.

கதவைத் திறந்தவர் நரைத்த தலையும் கரண்டி பிடித்த கையுமாக இருந்தார். யாரென்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பசையம்மாவா? வாங்க, வாங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உங்களைப் பத்தி அவர் பேசாத நாளே கிடையாது. என் தலைதான் கெட்டுப்போச்சு, தங்கச்சி கை தப்பாதும்பாரு. உள்ள வந்து உட்காருங்க. பாப்பா, அத்தைக்குத் தண்ணி கொண்டா."

பாப்பா நகரவில்லை. பசையம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"அண்ணி" என்றாள். "அண்ணனுக்கு மறதியே கிடையாது."